பேபி ஃபுட்டில் ஆர்சனிக்: ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதன்முதலாக என்ன ஊட்டுவது? நம் வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். அரிசி. பாட்டி இருக்கும் வீட்டில் புழுங்கலரிசியை வறுத்து, உடைத்து, கஞ்சி காய்ச்சுவார்கள். வேலைக்குப் போகும் அம்மா டப்பாவில் வரும் ரைஸ் சீரியலை வெந்நீரில் கரைத்துக் கொடுப்பார். அமெரிக்காவிலும் பல தலைமுறைகளாகக் குழந்தைகளின் முதல் திட உணவு ரைஸ் சீரியல்தான். எளிதில் செரிக்கும், அலர்ஜி வருவது குறைவு, இரும்புச்சத்தும் சேர்த்திருப்பார்கள் என்பதால் டாக்டர்களும் அதையே சொல்லி வந்தார்கள்.

அந்த டப்பாவில் ஆர்சனிக் இருக்கிறது என்று ஆய்வக ரிப்போர்ட்டுகள் சொன்னபோது அமெரிக்கப் பெற்றோர்கள் ஆடிப்போனார்கள். ஆர்சனிக் என்றால் வேறெதுவும் இல்லை, நம் சித்த மருத்துவ நூல்கள் பாஷாணம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததுதான். வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாமே ஆர்சனிக் கலந்த பொருள்கள்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரும் பயந்து அரிசி மூட்டையைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியதில்லை. ஆனால் விஷயம் என்ன, எதைச் சோதிக்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் குழந்தையின் தட்டில் சில நல்ல மாற்றங்களைச் செய்ய முடியும்.

அமெரிக்காவை உலுக்கிய அறிக்கை

2019 அக்டோபரில் 'ஹெல்தி பேபிஸ் பிரைட் ஃபியூச்சர்ஸ்' என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு, கடைகளில் விற்கும் 168 குழந்தை உணவுகளை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியது. ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றாவது 95 சதவிகித உணவுகளில் இருந்தது. நான்கில் ஒரு உணவில் நான்குமே இருந்தன.

இதைப் பார்த்துவிட்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையைச் சேர்ந்த ஒரு துணைக்குழு களமிறங்கியது. அதன் தலைவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போய் வளர்ந்தவர். பேபி ஃபுட் தயாரிக்கும் ஏழு நிறுவனங்களிடம், 'நீங்களே உங்கள் ஆய்வகத்தில் எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டுகளைக் கொடுங்கள்' என்று குழு கேட்டது. நான்கு நிறுவனங்கள் கொடுத்தன. அந்த ஆவணங்களை வைத்து 2021 பிப்ரவரி 4 அன்று அறிக்கை வெளியானது.

அதில் இருந்த சில எண்களைப் பார்ப்போம். அதற்கு முன் ஓர் அளவு தெரிய வேண்டும். உணவில் இருக்கும் நச்சு உலோகத்தை 'பி.பி.பி.' என்ற அலகில் சொல்வார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு. புரியும்படி சொன்னால், 25 கிலோ அரிசி மூட்டைகள் 40,000 இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஆர்சனிக் இருந்தால் அது 1 பி.பி.பி.

குடிநீரில் 10 பி.பி.பி.க்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அமெரிக்காவில் பாட்டில் தண்ணீருக்கும் அதே 10தான். குழந்தைகளுக்கான ரைஸ் சீரியலுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு 100 பி.பி.பி.

துணைக்குழுவின் அறிக்கைப்படி, ஒரு நிறுவனம் 180 பி.பி.பி. வரை ஆர்சனிக் இருந்த உணவைக் கடைக்கு அனுப்பியிருந்தது. இன்னொன்று 913 பி.பி.பி. ஆர்சனிக் இருந்த மூலப்பொருளைப் பயன்படுத்தியிருந்தது. பெரிய நிறுவனமான கெர்பர், 90 பி.பி.பி.க்கு மேல் ஆர்சனிக் காட்டிய 67 தொகுதி அரிசி மாவைப் பயன்படுத்தியிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இவை வெளியாட்கள் கண்டுபிடித்த எண்கள் இல்லை. நிறுவனங்கள் தாங்களே சோதித்து, தங்கள் கோப்புகளில் வைத்திருந்தவை. டெஸ்ட் நடந்திருக்கிறது, ரிசல்ட்டும் தெரிந்திருக்கிறது. டப்பாவை வாங்கிய அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை.

அரிசிக்குள் பாஷாணம் எப்படி வந்தது?

யாரும் கலக்கவில்லை. ஆர்சனிக் மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே இருக்கிறது. நிலத்தடி நீர் வழியாகவும், பழைய பூச்சிக்கொல்லிகள் வழியாகவும் வயலுக்கு வருகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் பருத்திச் செடிகளுக்கு ஆர்சனிக் கலந்த மருந்துகளை அடித்தார்கள். அந்த நிலங்களில் இன்று நெல் விளைகிறது.

எல்லாப் பயிரும் அதே மண்ணில்தானே வளர்கிறது, நெல்லில் மட்டும் ஏன் அதிகம்? காரணம் வயலில் தேங்கும் தண்ணீர். நீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அப்போது மண் துகள்களோடு ஒட்டிக்கிடக்கும் ஆர்சனிக் கரைந்து தண்ணீருக்குள் வருகிறது. நெற்பயிர் தண்டு உறுதியாக நிற்பதற்கு மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சும். கரைந்த ஆர்சனிக், வேருக்குச் சிலிக்கா போலவே தெரிகிறது. சிலிக்கா நுழையும் அதே வாசல் வழியாக அதுவும் உள்ளே போய்விடுகிறது. புன்செய் நிலத்தில் விளையும் கேழ்வரகு, கம்பு, கோதுமைக்கு இந்தச் சிக்கல் மிகவும் குறைவு.

உள்ளே போன ஆர்சனிக் அதிகமாகச் சேர்வது நெல்மணியின் மேல் அடுக்கான தவிட்டில். அதனால்தான் தீட்டிய வெள்ளை அரிசியைவிடத் தவிடு நீக்காத பிரவுன் ரைஸில் ஆர்சனிக் கூடுதலாக இருக்கிறது. பெரியவர்களுக்கு நார்ச்சத்துக்காகச் சிபாரிசு செய்யப்படும் அரிசி, இந்த ஒரு விஷயத்தில் கைக்குழந்தைக்கு ஏற்றதாக இல்லை.

விளையும் ஊரைப் பொறுத்தும் அளவு மாறும். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் 2014-ல் பல வகை அரிசிகளைச் சோதித்தபோது, இந்தியா, பாகிஸ்தான், கலிஃபோர்னியாவில் விளைந்த வெள்ளை பாஸ்மதியில் மற்ற பெரும்பாலான அரிசிகளில் இருப்பதில் பாதியளவுதான் நச்சு ஆர்சனிக் இருந்தது. மறுபக்கம், மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆற்றுப்படுகை ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஆர்சனிக் அதிகம். அந்த நீர் வயலுக்கும் போகிறது, சோறு வடிக்கும் பானைக்கும் போகிறது.

குழந்தைக்கு ஏன் கூடுதல் கவலை?

நாம் தினமும் மூன்று வேளை அரிசி சாப்பிடுகிறோம், நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றலாம். கணக்கு உடல் எடையில் இருக்கிறது. எட்டு கிலோ குழந்தை கிண்ணம் நிறையக் கஞ்சி குடிப்பதும், அறுபது கிலோ மனிதர் அதே கஞ்சியைக் குடிப்பதும் ஒன்றாகாது. எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தைகள் பெரியவர்களைப்போலச் சுமார் மூன்று மடங்கு அரிசி உண்கிறார்கள் என்று எஃப்.டி.ஏ. கணக்கிட்டது. அமெரிக்கக் குழந்தைகளிடம் இது எட்டு மாத வயதில் உச்சத்தைத் தொடுகிறது.

அதே மாதங்களில்தான் மூளையும் வேகமாக வளர்கிறது. வங்கதேசத்தின் அரைஹசார் பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிணற்று நீரில் ஆர்சனிக் அதிகமாக இருந்த வீட்டுக் குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் வரும் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆர்சனிக்கை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இது ஒரு கரண்டியில் வரும் ஆபத்து இல்லை. மாதக்கணக்கில், தினமும், ஒரே உணவைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் வருவது. அதனால்தான் ஒரு குழந்தையைப் பார்த்து 'இதற்கு ஆர்சனிக்கால் பாதிப்பு' என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது. வாசனை கிடையாது, சுவை கிடையாது, நிறமும் மாறாது. ஆய்வகம் மட்டுமே சொல்ல முடியும்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

ஒரு டப்பா ரைஸ் சீரியல் ஆய்வகத்துக்கு வருகிறது. என்னென்ன செய்வார்கள்?

முதலில் டப்பா முழுவதையும் நன்றாகக் கலந்து பொடியாக்குவார்கள். மேலே ஒரு கரண்டி எடுத்துச் சோதித்தால் அது மொத்த டப்பாவையும் பிரதிபலிக்காது. சோற்றுப் பதம் பார்ப்பதுபோல இதில் ஒரு பருக்கையை வைத்து முடிவுக்கு வர முடியாது. பயன்படுத்தும் பாத்திரங்கள் எல்லாம் அமிலத்தில் கழுவப்பட்டவை. நூறு கோடியில் ஒரு பங்கைத் தேடும்போது, பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் தூசிகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்தது கரைப்பது. சுமார் அரை கிராம் மாதிரியை நைட்ரிக் அமிலத்தோடு மூடிய குப்பியில் போட்டு, ஆய்வகத்துக்கென்றே செய்த மைக்ரோவேவ் கருவியில் சூடாக்குவார்கள். மாவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சிதைந்து தெளிந்த திரவமாகிவிடும். உலோகங்கள் அதில் கரைந்து நிற்கும்.

அந்தத் திரவம் 'ஐ.சி.பி.-எம்.எஸ்.' என்ற கருவிக்குப் போகிறது. உள்ளே ஆர்கான் வாயு, சூரியனின் மேற்பரப்பைவிட அதிக வெப்பத்தில் தகதகவென்று எரிவதுபோல இருக்கும். திரவத்தைப் பனிபோலத் தூவி அதற்குள் செலுத்தினால் எல்லாம் தனித்தனி அணுக்களாக உடைந்து மின்னூட்டம் பெறும். பிறகு எடைவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். ஆர்சனிக் அணுவின் எடை எண் 75. அந்த எண்ணில் எத்தனை அணுக்கள் வந்தன என்பதிலிருந்து அளவு தெரியும்.

இதிலும் ஒரு குறுக்குச்சிக்கல் உண்டு. ஆர்கானின் எடை 40, உப்பில் இருக்கும் குளோரினின் எடை 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. உப்புச் சேர்ந்த உணவு வந்தால், இல்லாத ஆர்சனிக்கை இருப்பதாகக் கருவி காட்டிவிடும். இந்தப் போலியை வடிகட்ட, வழியில் ஹீலியம் வாயு நிரம்பிய ஓர் அறை வைத்திருப்பார்கள். உருவில் பெரிதான அந்த ஜோடி, ஹீலியத்தில் மோதி மோதி வேகம் இழந்து நின்றுவிடும். உண்மையான ஆர்சனிக் மட்டும் கடந்து போகும்.

எல்லா ஆர்சனிக்கும் ஒன்றில்லை

இதுவரை கிடைத்தது மொத்த ஆர்சனிக். குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு என்பதை அது சொல்லாது. ஆர்சனிக்கில் இரண்டு வகை உண்டு. கார்பனோடு சேர்ந்த ஆர்கானிக் வகை, சேராத இன்ஆர்கானிக் வகை. மீனிலும் இறாலிலும் மொத்த ஆர்சனிக் நிறைய இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி, தீங்கு மிகக் குறைந்த ஆர்கானிக் வகை. அரிசியில் இருப்பதில் பெரும்பங்கு இன்ஆர்கானிக். கொடியது இதுதான். சட்டங்கள் வரம்பு வைப்பதும் இதற்குத்தான். கடையில் பார்க்கும் 'ஆர்கானிக்' லேபிளுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேறு வழி. கொதிக்கும் மைக்ரோவேவ் அமிலம் எல்லா வகையையும் ஒன்றாக்கிவிடும் என்பதால், நீர்த்த அமிலத்தில் 95 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்து மெதுவாக வடித்தெடுப்பார்கள். அந்தச் சாற்றை ஒரு மெல்லிய குழாய் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு நிமிடத்தில் வெளியே வரும். வரும் வரிசையில் கருவி எண்ணிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் ரிசல்ட் சரிதானா என்று எப்படி நம்புவது? அதற்காகவே அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் ஓர் அரிசி மாவை விற்கிறது. அதன் ஒவ்வொரு குப்பியிலும் இன்ஆர்கானிக் ஆர்சனிக் 92 பி.பி.பி. என்று சான்றளிக்கப்பட்டிருக்கிறது. நம் மாதிரியோடு அதையும் சோதிப்பார்கள். கருவி 92-ஐ ஒட்டிக் காட்டினால்தான் அன்றைய ரிசல்ட் செல்லும். எதுவும் சேர்க்காத வெறும் அமிலத்தையும் சோதிப்பார்கள். அதில் ஆர்சனிக் தெரிந்தால், ஆய்வகத்திலேயே எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள்.

ஜப்பானில் நடந்த பெருந்துயரம்

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1955-ல் ஜப்பான் பார்த்தது. மேற்கு ஜப்பானில் அந்தக் கோடையில் கைக்குழந்தைகள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீங்கிய வயிறு, கறுத்த தோலுடன் மருத்துவமனைகளில் வந்து குவிந்தன. காரணம் புரியவில்லை. எல்லாமே புட்டிப்பால் குடித்த குழந்தைகள், எல்லாமே மொரினாகா நிறுவனத்தின் பால் பவுடர் என்பதை ஒகயாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆகஸ்ட் மாதம் பவுடரில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது.

பால் பவுடர் கெடாமல் நன்றாகக் கரைவதற்காக டோக்குஷிமா தொழிற்சாலையில் சோடியம் பாஸ்பேட் சேர்த்திருந்தார்கள். வாங்கியது உணவுக்கான தரம் இல்லை. அலுமினியம் தயாரிப்பின் கழிவிலிருந்து வந்த, ஆர்சனிக் கலந்த சரக்கு. 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஓராண்டுக்குள் 130 குழந்தைகள் இறந்தார்கள்.

இதில் நெஞ்சைச் சுடும் தகவல் ஒன்று உண்டு. அதே மூலத்திலிருந்து வந்த சரக்கை ஜப்பான் ரயில்வே முன்பே வாங்கியிருந்தது. ரயில் எஞ்சின் பாய்லரைக் கழுவுவதற்காக. பயன்படுத்தும் முன் சோதித்துப் பார்த்து, ஆர்சனிக் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாய்லருக்கு நடந்த டெஸ்ட் பால் பவுடருக்கு நடக்கவில்லை.

குழந்தைகள் தேறிவிட்டார்கள், பின்விளைவு எதுவும் இல்லை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பெற்றோர்கள் நம்பவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1969-ல் ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் செவிலியர்களும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோதுதான், பலர் இன்னும் பாதிப்போடு வாழ்வது வெளியுலகுக்குத் தெரிந்தது. 1974-ல் அவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை அமைந்தது.

சோதித்தால் குறையும்

மொரினாகா ஒரு விபத்து. இன்றைய ரைஸ் சீரியலில் இருப்பது அதைவிட மிக மிகக் குறைந்த அளவு. ஆனால் பாடம் ஒன்றுதான். அளக்கத் தொடங்கினால் அளவு குறைகிறது.

எஃப்.டி.ஏ. எண்களையே பாருங்கள். 2011 முதல் 2013 வரை சோதித்த குழந்தை ரைஸ் சீரியல்களில் 36 சதவிகிதம் மட்டுமே 100 பி.பி.பி.க்குள் இருந்தன. 2014-ல் அது 47 சதவிகிதமானது. 2016-ல் வரம்பை முன்மொழிந்தார்கள். 2018-ல் 76 சதவிகிதம் வரம்புக்குள் வந்துவிட்டன. அரிசி வாங்கும் இடத்தை நிறுவனங்கள் மாற்றின, சோதித்து வாங்கின. வேறு மாயம் எதுவும் இல்லை.

2021 ஜூனில் அலாஸ்கா மாநில அரசு எடுத்த மாதிரி வரம்பைத் தாண்டியதும், பீச்-நட் நிறுவனம் அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற்றது. தன் தனி அரிசி சீரியல் விற்பனையையே நிறுத்துவதாகவும் அறிவித்தது. ஐரோப்பிய யூனியன் 2016 முதலே குழந்தை உணவுக்கான அரிசிக்கு 100 பி.பி.பி. வரம்பைச் சட்டமாக வைத்திருக்கிறது.

கலிஃபோர்னியா ஒருபடி மேலே போனது. அங்கே 2024 ஜனவரி முதல் குழந்தை உணவு நிறுவனங்கள் மாதம் ஒருமுறையாவது நான்கு உலோகங்களுக்கும் சோதிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் ரிசல்ட்டைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். வரம்பு வைக்கப்பட்ட உலோகம் இருக்கும் உணவு என்றால் டப்பாவில் க்யூஆர் கோடும் இருக்க வேண்டும். அங்கே வாழும் நம் பிள்ளைகள், பேரக்குழந்தைக்கு டப்பா வாங்கும்போது கடையிலேயே போனை எடுத்து ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ஆய்வக ரிசல்ட் கையில் கிடைத்தால் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

1. மொத்த ஆர்சனிக்கா, இன்ஆர்கானிக் ஆர்சனிக்கா? 100 என்ற வரம்பை இன்ஆர்கானிக் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

2. அலகு என்ன? ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றாலும் 100 மைக்ரோகிராம் என்றாலும் 100 பி.பி.பி. என்றாலும் ஒன்றே. 0.1 என்று பார்த்து 'ரொம்பக் குறைவு' என்று நினைத்துவிடாதீர்கள்.

3. 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் பூஜ்யம் என்று பொருள் இல்லை. அந்தக் கருவியால் காண முடிந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கீழ் எல்லை எவ்வளவு என்பதையும் ரிப்போர்ட் சொல்ல வேண்டும்.

4. சோதித்தது மூலப்பொருளையா, டப்பாவில் அடைத்த உணவையா? ஒரு நிறுவனம் மூலப்பொருள்களை மட்டும் சோதித்துக் கணக்குப் போட்டிருந்தது. தயாரான உணவைச் சோதித்தபோது இன்ஆர்கானிக் ஆர்சனிக் அந்தக் கணக்கைவிட 28 முதல் 93 சதவிகிதம் வரை அதிகமாக இருந்தது என்கிறது துணைக்குழு அறிக்கை. சத்துக்காகச் சேர்த்த வைட்டமின் கலவை மீதும் சந்தேகம் விழுந்தது.

5. தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், உங்கள் டப்பாவில் இருப்பதுதானா? ஒரு வயல் அரிசிபோல இன்னொரு வயல் அரிசி இருக்காது.

நம் ஊரில் சோதிக்க முடியுமா?

முடியும். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் 40-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கடையில் வாங்கும் எந்த உணவையும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. ஒரு நிபந்தனை. வாங்கும்போதே 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டப்படி இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

தனியார் ஆய்வகத்துக்குப் போவதென்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் என்பது ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனி. 'ஆர்சனிக் டெஸ்ட் உங்கள் பட்டியலில் இருக்கிறதா, இன்ஆர்கானிக் தனியாகப் பார்ப்பீர்களா?' என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். தண்ணீருக்கு விற்கும் கலர் மாறும் கிட் கஞ்சி மாவுக்கு உதவாது.

சமையலறையில் செய்ய வேண்டியவை

* ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தாயின் உடலில் ஆர்சனிக் இருந்தாலும் பாலுக்குள் போவது மிகக் குறைவு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஆய்வில், புட்டிப்பால் குழந்தைகளின் சிறுநீரில் இருந்த ஆர்சனிக், தாய்ப்பால் குழந்தைகளைவிட ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது.

* அரிசியைத் தினமும் மூன்று வேளையும் கொடுக்காதீர்கள். ஒருவேளை கேழ்வரகுக் கூழ், ஒருவேளை பருப்பு மசித்த இட்லி, மறுநாள் கம்பு, கோதுமை ரவை, நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி, வேகவைத்த காய், பழம் என்று மாற்றிக் கொடுங்கள். பல உணவு என்பது சத்துக்கும் நல்லது, எந்த ஒரு நச்சும் சேராமல் இருக்கவும் நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமான வழி இதுதான்.

* சோறு என்றால் வடித்த சோறு. ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வேகவைத்து வடித்தால் இன்ஆர்கானிக் ஆர்சனிக் 40 முதல் 60 சதவிகிதம் வரை குறையும். குக்கரில் தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே போய்விடுவதால் இந்தப் பலன் கிடைக்காது.

* வடித்த கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அரிசியிலிருந்து கரைந்து வந்தது அந்தக் கஞ்சியில்தான் இருக்கிறது. 'சத்தெல்லாம் கஞ்சியிலே' என்று பாட்டி சொல்வதும் உண்மைதான், சில பி வைட்டமின்கள் அதில் போய்விடும். பருப்பு, காய், முட்டை சேர்த்தால் அந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம்.

* சத்து அதிகம் போகாமல் வடிக்க இன்னொரு முறை உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2020-ல் சொன்னது. நான்கு கப் தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஒரு கப் அரிசியைப் போட்டு ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். இரண்டு கப் புதுத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில், தண்ணீர் வற்றும்வரை வேகவையுங்கள். இதில் வெள்ளை அரிசியில் 70 சதவிகிதத்துக்கும் மேல் ஆர்சனிக் குறைந்தது.

* பிரவுன் ரைஸ் கஞ்சி, அரிசித் தவிடு சேர்ந்த பிஸ்கட், அரிசிப் பொரி கேக் ஆகியவற்றைக் கைக்குழந்தைக்குத் தினசரி உணவாக்க வேண்டாம். அரிசியில் செய்யும் 'ரைஸ் மில்க்'கை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டன் அரசு.

அடிக்கடி எழும் மூன்று கேள்விகள்

*டப்பா வேண்டாம், வீட்டிலேயே சத்துமாவு அரைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா?*

தீராது. 2022-ல் அதே தன்னார்வ அமைப்பு வீட்டு உணவையும் கடை உணவையும் ஒப்பிட்டது. இரண்டு பக்கமும் 94 சதவிகித உணவுகளில் ஏதோ ஓர் உலோகம் இருந்தது. அரிசி கடையிலிருந்து வந்தாலும் நம் மில்லில் அரைத்தாலும் அரிசிதான். ஆனால் வீட்டில் அரைத்தால் அரிசியைக் குறைத்து, கேழ்வரகையும் பயறையும் கூட்டும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

*இயற்கை விவசாயப் பொருள் வாங்கினால்?*

பூச்சிமருந்து இல்லாமல் விளைந்தது என்பதற்கு அது சான்று. மண்ணில் இருக்கும் ஆர்சனிக் பற்றி அது எதுவும் சொல்லாது. 2012-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் ஆய்வாளர்கள், ஆர்கானிக் பிரவுன் ரைஸ் பாகு சேர்த்த ஒரு குழந்தைப் பால் பவுடரில், குடிநீர் வரம்பைப்போல ஆறு மடங்கு மொத்த ஆர்சனிக் இருப்பதைக் கண்டார்கள்.

*தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போய்விடுமா?*

போகாது. கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் வற்றினால் அடர்த்திதான் கூடும். ஆர்சனிக் உள்ள பகுதியில் கிணற்று நீரில் பால் பவுடர் கரைப்பவர்கள், தண்ணீரைச் சோதித்துவிட்டு அதற்கேற்ற சுத்திகரிப்பு வைப்பதே வழி.

இன்றுவரை அரிசிக் கஞ்சி கொடுத்துவிட்டோமே என்று எந்த அம்மாவும் வருந்த வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு நம் குழந்தைகளிடம் இருக்கும் பெரிய பிரச்னை. பயத்தில் உணவையே குறைத்தால் அது இதைவிடக் கெடுதல். குழந்தைக்கு எடை ஏறவில்லை, சாப்பிட மறுக்கிறது என்றால் குழந்தை நல மருத்துவரிடம் கேட்டு உணவை மாற்றுங்கள். நாளை காலைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிண்ணத்தில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு. மறுநாள் அரிசி என்றால், வடித்த சோற்றைப் பருப்போடு மசித்து ஊட்டுங்கள்.